கனடாவிலிருந்து வந்த ஐந்து போத்தல்: எதைக் குடிப்பது, எதை விடுவது?

மே 14, மாலை. கேள்வி: அக்கரைப்பற்று வாசகர் ஒருவர்

அம்மாவுக்கு 61 வயது. சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின், தைரொய்ட்டுக்கு தைரொக்சின், இரண்டும் கிளினிக்கில் தருகிறார்கள். முழங்கால் நோவும் இருக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஐந்து போத்தல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்: மீனெண்ணெய் 1000, விற்றமின் டி 5000, குளுக்கோசமின், கல்சியம், தலைமயிருக்கு என்று பயோட்டின். அம்மா விடிய எழும்பி எல்லாவற்றையும் தைரொக்சினோடு சேர்த்து ஒரே மிடறில் விழுங்குகிறார். வெளிநாட்டுச் சாமான் பிழையாகாது என்பது அவர் கட்சி. எல்லாம் வியாபாரம், தூக்கி எறியுங்கள் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

மே 14, இரவு

தீர்ப்பு எழுத முன், நாளைக் காலையே மாற்ற வேண்டிய ஒன்று இருக்கிறது தம்பி. தைரொக்சினையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. கல்சியம் குடலுக்குள் வைத்தே தைரொக்சினைப் பிடித்துக்கொள்ளும், கிளினிக்கில் தந்த குளிசையில் ஒரு பகுதி உடம்பில் சேராமலே போகும். தைரொக்சின் விடிய, வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். கல்சியம் அதற்கு நாலு மணித்தியாலமாவது பிந்தி. மத்தியானச் சோற்றோடு என்றால் மறக்காது. இரும்புக் குளிசைக்கும் இதே கதைதான்.

மற்றதை ஆறுதலாகக் கதைப்போம்.

மே 15, காலை

பயோட்டினை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அது என் பழைய வேலையோடு முட்டுகிற சாமான். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். முட்டை, மீன், கச்சான் என்று வழமையாகச் சாப்பிடுகிறவருக்கு அது தானாகவே கிடைத்துவிடும். முடிக்கென்று விற்கிற போத்தலில் 5000, சிலதில் 10,000 மைக்ரோகிராம். பயோட்டின் குறைபாடு இல்லாத ஒருவருக்கு இதனால் முடி வளரும் என்பதற்கு நம்பத்தக்க பரிசோதனை எதுவும் கிடையாது. குறைபாடு இருப்பவர்களோ மிக அரிது.

காசு வீண் என்பதோடு போனால் பரவாயில்லை. தைரொய்ட், இதயத் தாக்கைக் கண்டுபிடிக்கும் ட்ரொப்போனின் போன்ற சோதனைகள் பலவற்றில் பயோட்டின் பிணைப்பை வைத்தே இயந்திரம் அளக்கிறது. இரத்தத்தில் பயோட்டின் நிரம்பி வழிந்தால் அளவு குழம்பும். தைரொய்ட்டை வேலை வாங்கும் ஹோர்மோனான டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், இரத்தத்தில் உள்ள தைரொக்சினான டி 4 பொய்யாகக் கூடியும் வரலாம். ரிப்போர்ட்டைப் பார்க்கும் டொக்டர், தைரொக்சின் கூடிவிட்டது என்று மருந்தைக் குறைப்பார். அவர் மேல் பிழையே இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதைப்பற்றி எச்சரிக்கை விட்டது. ட்ரொப்போனின் பொய்யாகக் குறைவாகக் காட்டிய ஒருவர் இறந்ததையும் அதில் சொல்லியிருந்தார்கள்.

உங்கள் அம்மாவின் விடயத்தில் கல்சியம் தைரொக்சினைக் குறைக்கிறது, பயோட்டின் அது கூடியதுபோல் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் அடுத்த ரிப்போர்ட்டை யார் வாசித்தும் பயனில்லை. ஐந்தில் ஒன்றைத்தான் எறியலாம் என்றால் நான் இதைத்தான் எறிவேன். எறிய மனமில்லாவிட்டால், இரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாளைக்கு முன்பாவது நிறுத்தி, எடுப்பவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

மே 15, பின்னேரம்

"நீங்கள் டொக்டரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மேலே சொல்லியிருக்கிறேன். மருந்தை நிறுத்து, கூட்டு என்று நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. போத்தல்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

மே 17

மீனெண்ணெய். தம்பி, போத்தலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்னால் பெரிதாக 1000 மில்லிகிராம். அது எண்ணெயின் நிறை. நமக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்புகளான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சாதாரணக் குளிசையில் 180, 120 என்று இருக்கும். கூட்டினால் 300. மிச்சம் வெறும் எண்ணெய்.

சரி, அந்த 300 என்ன செய்யும்? அதைவிடக் கூடிய அளவை வைத்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வு: 25,871 பேர், தினமும் ஒரு கிராம் ஒமேகா 3 அல்லது மருந்தில்லாத வெற்றுக் குளிசை, ஐந்து வருடத்துக்கு மேல். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணியபோது இரு பக்கத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. சீனி வருத்தக்காரரை மட்டும் வைத்துப் பிரித்தானியாவில் செய்தது அசென்ட். 15,480 பேர், 2018இல் முடிவு வந்தது. அங்கும் அதே பதில். அக்கரைப்பற்று அம்மாவுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவதுதான்.

கல்லடியில் கரைவலை இழுக்கிற நாளில் சூடையும் கீரியும் என்ன விலைக்குப் போகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். இந்த மாதிரி எண்ணெய் மீனில் நூறு கிராமுக்குள் ஒரு கிராம் அளவில் ஒமேகா 3 இருக்கும், மூன்று குளிசைக்குச் சமன். ஆனால் சூடை என்றால் கௌரவக் குறைவு, கனடாப் போத்தல் என்றால் அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால்.

மே 18

காத்தான்குடி நண்பர் இரண்டு விடயம் எழுப்பியிருக்கிறார்.

ஒன்று, மாமாவுக்கு மீனெண்ணெய் குடித்துக் கொழுப்பு இறங்கியது. ரிப்போர்ட்டில் எந்த வரி இறங்கியது என்று பாருங்கள். மீனெண்ணெய் இறக்குவது ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பை. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பை அது இறக்காது. ட்ரைகிளிசரைட்டுக்கும் நாளொன்றுக்கு நாலு கிராம் அளவில், டொக்டர் எழுதித் தருகிற மருந்தாகத்தான் கொடுக்கிறார்கள். அந்த அளவுக்குப் போனால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும் ஆபத்தும் கொஞ்சம் கூடும்.

இரண்டு, ஜெலட்டின். மென்குளிசையின் உறை பெரும்பாலும் மாட்டில் அல்லது பன்றியில் இருந்து எடுத்த ஜெலட்டின்தான். சிலதில் மீன் ஜெலட்டின். சில போத்தலில் எது என்று எழுதியிருக்கும். எழுதாததை ஹலால் என்று யாரும் வாயால் சொன்னால் நம்ப வேண்டாம். இது எனக்குத் தோன்றவே இல்லை, கேட்டதற்கு நன்றி.

மே 20

குளுக்கோசமின். இதை எழுதினால் பாதிப்பேர் என்னோடு கோபிப்பார்கள்.

2006இல் அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 1583 பேரை வைத்து கெயிட் என்ற பெயரில் செய்த ஆய்வு இருக்கிறது. குளுக்கோசமின் 1500 மில்லிகிராம், அதேபோல மூட்டுக்கென்று விற்கும் கொன்ட்ரொய்ட்டின், இரண்டும் சேர்த்து, ஒரு நோக்குளிசை, வெற்றுக் குளிசை என்று ஐந்து கூட்டம். ஆறு மாதத்தில் குளுக்கோசமின் கூட்டம் வெற்றுக் குளிசையை வெல்லவில்லை. கடும் நோ இருந்த சிறு பகுதியினருக்கு, இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் பலன் தெரிந்தது. ஆனால் அவர்கள் தொகை குறைவு என்பதால் ஆய்வாளர்களே அதை உறுதியாகச் சொல்லவில்லை.

எனக்கு அதில் பிடித்த எண் வேறொன்று. வெற்றுக் குளிசை குடித்தவர்களில் 60 வீதமானவர்களுக்கு நோ நன்றாகக் குறைந்தது! யாரும் பொய் சொல்லவில்லை. முழங்கால் நோ வாவித் தண்ணீர்போல ஏறும், இறங்கும். நாம் குளிசை தேடுவது அது உச்சத்தில் நிற்கும் நாளில். அதன்பிறகு இறங்கத்தானே வேண்டும்? பேர் குளிசைக்குப் போகிறது. ஆகவே "எங்கள் மாமிக்குச் சுகம் வந்தது" என்று ஒருவர் எழுதினால் மாமிக்குச் சுகம் வந்தது என்று நம்புகிறேன். குளிசையால்தான் வந்தது என்பதைத்தான் நம்பவில்லை.

மே 21

நேற்று எழுதியதை இரவு திரும்ப வாசித்தேன். எண்கள் அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். வயதானவர், குளுக்கோசமின் தொடங்கியபிறகு பின்னேரத்தில் நடக்கப் போகத் தொடங்கினார். முதலில் படலை மட்டும், பிறகு சந்தி, பிறகு கோயில். தொடைத் தசை உறுதியானால் முழங்கால் நோ குறையும், அதற்கு நல்ல சான்று இருக்கிறது. குளிசை அவரை நடக்க வைத்தது, நடை காலைச் சுகமாக்கியது. அவரிடம் போய் ஆய்வைக் காட்டிப் போத்தலைப் பறிக்க எனக்கு மனம் வராது. மகன் காசில் வருகிறது, பெரிய தீங்கும் இல்லை. மாதச் சம்பளத்தில் பார்மசியில் வாங்குகிற ஒருவர் கேட்டால் வேண்டாம் என்பேன். இரண்டு ஆளுக்கு இரண்டு பதில் சொல்வது ஞாயமா என்று கேட்கலாம். கேளுங்கள்.

மே 25

கண்ணகி அம்மன் சடங்கு என்று இந்தப் பக்கம் வரவில்லை. குளிர்த்திக்குப் போன இடத்திலும் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆள் சேர்த்தால் கொமிஷன் வருகிற மா ஒன்று. சீனி, பிரஷர், மூட்டு, பிள்ளை இல்லாக் குறை, எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டி. அம்மனே இவ்வளவு வாக்குக் கொடுப்பதில்லை.

வாயால் அவர் சொன்னதையும் டின்னில் அச்சடித்திருந்ததையும் வைத்துப் பார்த்தேன். டின்னில் "ஆரோக்கியமான சீனி அளவைப் பேண உதவும்" என்று மட்டும். ஆரோக்கியமாக இருப்பதைப் பேணுமாம். நோயின் பெயரே இல்லை. இது தற்செயல் கிடையாது. அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டத்தின்படி, நோயைத் தீர்க்கும் என்று சொன்னால் அது மருந்து, விற்கமுன் நிரூபிக்க வேண்டும். "பேண உதவும்", "துணை நிற்கும்" என்றால் விற்கலாம், உணவு மருந்து நிர்வாகம் இந்தக் கூற்றை மதிப்பிடவில்லை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டால் போதும். கனடாச் சட்டம் வேறு, அங்கே அனுமதி இலக்கம் வேண்டும். ஆனால் அலுமாரிகளில் நான் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்கச் சாமான்.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இருக்கும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு, மருந்துக்கும் உணவுக்கும் நடுவில் நிற்கிற பொருட்கள் மேலும் அதிகாரம் உண்டு. ஆனால் சூட்கேசில் உடுப்புக்குள் சுற்றி வருகிற போத்தல் எந்தக் கந்தோர்ப் படியையும் ஏறுவதில்லை.

மே 28

"இயற்கைச் சத்துத்தானே, கூடினால் என்ன கெட்டுவிடும்?" களுவாஞ்சிகுடியில் இருந்து ஒருவர் கேட்கிறார். இப்படியான எல்லா உரையாடல் இழையிலும் யாராவது கேட்கிற கேள்வி.

பீட்டா கரோட்டின். கரட்டில், பூசணியில், முருங்கையிலையில் உள்ளது. இவற்றை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டார்கள். அப்படியென்றால் அதையே குளிசையாக்கிக் கொடுத்தால்? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு: குடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூட. அமெரிக்காவில் கெரட் என்ற ஆய்வில் அதே பக்கம் சாய்வதைக் கண்டு 1996இல் இடையிலேயே நிறுத்தினார்கள். விற்றமின் ஈ-யும் இப்படித்தான்: 35,533 ஆண்களை வைத்த ஆய்வில் புரொஸ்டேட் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்க்க, 2011இல் 17 வீதம் கூடியது தெரிந்தது.

முருங்கையிலைச் சுண்டல் சாப்பிடுகிறவர் வேறு நூறு விடயத்திலும் வேறுபட்ட ஆள். அவருடைய தட்டில் இருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால் அவரே வந்துவிட மாட்டார். புகைபிடிப்பவர் வீட்டில் பீட்டா கரோட்டின் போத்தல் இருந்தால் அதை மட்டும் தயங்காமல் எறியுங்கள்.

ஜூன் 2

அக்கரைப்பற்றுத் தம்பி திரும்ப வந்திருக்கிறார். அம்மா கல்சியத்தை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டாராம், பயோட்டினை மருமகளுக்குக் கொடுத்துவிட்டாராம். (மருமகளுக்கும் தைரொய்ட் சோதனை இருந்தால் மே 15 குறிப்பை வாசிக்கக் கொடுங்கள்.)

இப்போதுதான் எனக்கு உறைத்தது: ஐந்து போத்தலையும் ஒவ்வொன்றாகக் கதைத்துக்கொண்டு, அவற்றில் இல்லாததை யாரும் கேட்கவில்லை. மெட்போர்மின் வருடக்கணக்காகக் குடிப்பவர்களுக்கு விற்றமின் பி 12 குறையலாம். இது நன்றாக நிறுவப்பட்ட விடயம். கால் விறைப்பு, எரிவு வந்தால் "சீனியால்தான்" என்று விட்டுவிடுகிறோம், சில நேரம் அது பி 12. அடுத்த கிளினிக்கில் இதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். குறைவு என்றால் அதற்கான குளிசையோ ஊசியோ விலை கூடியதும் இல்லை, விளம்பரத்தில் வருவதும் இல்லை.

ஜூன் 6

விற்றமின் டி. வேண்டுமென்றே தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன், அதற்குள் புதுச் செய்தியும் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஹோர்மோன் டொக்டர்மாரின் சங்கமான என்டோகிரைன் சொசைட்டி 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டலில், சுகமாக இருக்கும் வளர்ந்தவர்களுக்கு விற்றமின் டி அளவை வழமையாகச் சோதிக்க வேண்டாம் என்கிறது. 75 வயதுக்கு மேற்பட்டோர், கர்ப்பிணிகள், சிறுவர், நீரிழிவுக்கு முந்திய நிலையில் உள்ளோர் போன்றவர்களுக்குச் சோதிக்காமலே கொடுப்பதைப் பரிசீலிக்கலாமாம்.

மட்டக்களப்பு வெயிலில் டி குறையுமா என்று சிரிப்பார்கள். குறையும். தோலில் வெயில் படவேண்டும், அதுதான் விடயம். கச்சான் என்ற வரண்ட காற்றடிக்கிற இந்த மாதத்தில் யார் பகலில் வெளியே இறங்குகிறார்கள்? கந்தோரில் இருப்பவர்கள், உடல் மூடி உடுத்தும் பெண்கள், வீட்டோடு இருக்கும் வயதானவர்கள், இவர்களுடைய ரிப்போர்ட்டில் குறைவாக வருவதை நானே நிறையக் கண்டிருக்கிறேன். பிள்ளைகளில் கடும் குறைபாடு எலும்பை வளைத்துவிடும், அங்கே இது உண்மையான மருந்து.

ஆனால் ஆய்வுகூடத்தில் இருந்து பார்த்தவனுக்கு ஒன்று புரியும். டி குளிசை குடித்தால் அளவு அழகாக ஏறும். முதல் ரிப்போர்ட் 14, அடுத்தது 38 என்றால் வீடே சந்தோஷப்படும். நானும் சந்தோஷமாகத்தான் கையெழுத்து வைத்திருப்பேன். வைட்டல் ஆய்விலும் குடித்தவர்களுக்கு அளவு ஏறியது. எலும்பு முறிவு மட்டும் குறையவில்லை, 2022இல் அந்த முடிவு வந்தது. புற்றுநோய் வருவதும் குறையவில்லை. ரிப்போர்ட் சுகமானது, ஆளில் வித்தியாசம் இல்லை. குறைபாடு இருக்கிறதா என்று பாராமல் பொதுவாக எல்லாருக்கும் கொடுத்த ஆய்வு அது என்பதையும் சொல்லவேண்டும். கடும் குறைபாடுள்ளவருக்கு இந்த முடிவைப் பிரட்டிப் போடக் கூடாது.

அம்மாவின் போத்தலில் 5000 அலகு. 70 வயது வரை தினத் தேவை 600, டொக்டர் சொல்லாமல் தாண்டக் கூடாத மேல் எல்லை 4000. கல்சியத்தையும் அதோடு குடிக்கிறார். கேட்காமல் தொடர வேண்டாம்.

ஜூன் 9

ஜிம் பொடியன்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "அங்கிள் எல்லாம் பொய் என்கிறார்." எங்கே சொன்னேன்? தசைக்கென்று விற்கிற கிரியாட்டின் வேலை செய்யும். பாரம் தூக்குகிறவருக்கு நாளைக்கு 3 முதல் 5 கிராம், சாதாரண மொனோஹைட்ரேட்டே போதும், அதுதான் மலிவானதும். சான்று நிறைய இருக்கும் சாமான் இது.

ஒரே எச்சரிக்கை என் மேசையில் இருந்து: அதைக் குடித்துவிட்டு சோதனைக்கு இரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் என்ற எண் கூடலாம். சிறுநீரகம் பழுதானாலும் கூடுவது அதே எண்தான். தெஹியத்தகண்டிப் பக்கம் சிறுநீரக நோய் எப்படி வீடு வீடாகப் புகுந்தது என்று அம்பாறை மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், அந்த எண்ணைக் கண்டால் தாய்மார் அழத் தொடங்கிவிடுவார்கள். டொக்டரிடம் டின்னைப் பற்றிச் சொல்லுங்கள். ஏற்கனவே சிறுநீரக வருத்தம் இருந்தால் தொடவே வேண்டாம்.

உடம்பு மெலிய, "ஆண்மை" கூட என்று விற்கிறவற்றோடு இதைச் சேர்க்காதீர்கள். மூலிகை என்ற பெயரில் வந்த அந்த வகைக் குளிசைகளுக்குள் சிபுட்ரமின், சில்டெனாபில் போன்ற மருந்துகள் ஒளித்து வைக்கப்பட்டதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவை "வேலை செய்வது" அதனால்தான்.

ஜூன் 10

இல்லை, புரோட்டீன் மா பற்றித் தனியாக எழுதமாட்டேன். அது பால். எருமைத் தயிர்ச் சட்டி பக்கத்தில் இருக்கிறது.

ஜூன் 13

செங்கலடிப் பக்கம் வேலை செய்யும் குடும்பநல மாது ஒருவர் எழுதியிருக்கிறார்: "எல்லாரும் போத்தலைக் கதைக்கிறீர்கள், நாங்கள் சும்மா கொடுப்பதை யாரும் குடிப்பதில்லை." நூற்றுக்கு நூறு. மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற குழாய் சரியாக மூடாததை நரம்புக்குழாய்க் குறைபாடு என்பார்கள். முன்பு அந்தக் குறைபாட்டோடு பிள்ளை பெற்ற பெண்களுக்கு போலிக் அமிலம் கொடுத்தபோது, அடுத்த பிள்ளைக்கு அது வருவது 72 வீதம் குறைந்தது. 1991இல் வந்த முடிவு. இந்த இழை முழுவதிலும் இவ்வளவு தெளிவான வெற்றி வேறில்லை. ஆனால் கர்ப்பம் தரிக்க முன்பே தொடங்கவேண்டும், மாதம் தள்ளிப்போய்த் தெரியவரும்போது அந்தக் குழாய் மூடுகிற காலம் அநேகமாக முடிந்துவிடும். கலியாணம் ஆனவுடன் போய்ப் பதிந்து வாங்குங்கள்.

இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது பற்றியும் அவர் கோபப்படுகிறார். சரியான கோபம். தேயிலை இரும்பைச் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. திரிபோஷாச் சத்துமாவை மாட்டுக்கு வைக்கிற வீடுகளைப் பற்றி அவர் எழுதியதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை, அந்த வீட்டுக்காரர்களும் இதை வாசிக்கிறார்கள்.

ஜூன் 29

மல்ட்டி விற்றமின் கேட்டவருக்கு: 2024 ஜூனில்தான் ஒரு பெரிய கணக்கு வெளிவந்தது. அமெரிக்காவில் சுகமாக இருந்த 390,124 பேரை இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தவற்றின் தொகுப்பு. தினமும் மல்ட்டி விற்றமின் குடித்தவர்கள் கூட நாள் வாழவில்லை. இது கொடுத்துப் பார்த்த ஆய்வு இல்லை, தாங்களாகக் குடித்தவர்களைக் கவனித்தது, அந்தப் பலவீனம் உண்டு. வயதானவர்களில் ஞாபகசக்திக்குச் சிறு நன்மை என்று 2023இல் வந்தது கொடுத்துப் பார்த்த ஆய்வு. அதையும் மறைக்கக் கூடாது. சிறு நன்மைதான்.

ஜூன் 30

வாழைச்சேனை அக்கா, சீனிக்கு என்று பாவிக்கும் கொத்தல ஹிம்புட்டு மூலிகைக் கொடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். "நம்ம நாட்டுச் சாமானையும் தள்ளிவிடுவீர்களா" என்று ஒரு குத்தலோடு. தள்ளமாட்டேன். அதன் கட்டையில் குடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது பழைய வழக்கம், அதற்குள் இருக்கும் சலசினோல் என்ற பொருள் மாச்சத்துச் சீனியாக உடைவதைத் தாமதப்படுத்துகிறது. அதே வழியில் வேலை செய்யும் ஆங்கில மருந்தே இருக்கிறது. இலங்கையிலேயே 51 நீரிழிவு நோயாளரை வைத்து அது சேர்த்த தேயிலையையும் அது இல்லாத வெற்றுத் தேயிலையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி கொஞ்சம் இறங்கியது. சிறிய ஆய்வு, சில மாதம்தான். ஆனாலும் சடங்கில் என்னைப் பிடித்தவரின் மாவைவிட இதற்குப் பின்னால் ஆதாரம் கூட.

கோப்பையில் எவ்வளவு இறங்குகிறது என்பது கோப்பைக்குக் கோப்பை மாறும். புதுசில் ஒரு மாதிரி, நிறம் போனபின் வேறு மாதிரி. நீங்கள் ஏற்கனவே சீனிக்கு இரண்டு குளிசை குடிப்பதால் சீனி மிகவும் இறங்கிவிடலாம். வீட்டு மீற்றரில் காலையிலும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்திலும் பார்த்து, கிளினிக் கொப்பிக்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கைநடுக்கம், வியர்வை வந்தால் சீனித் தண்ணீர் குடித்துவிட்டு அளந்து பாருங்கள். அளவுகளை இங்கே போடவேண்டாம், டொக்டரிடம் காட்டுங்கள்.